கடுகு யாருக்காக நின்னுச்சு

சாயங்காலம் நாலே முக்கால். மலைக்கு ஏறுற ஒத்தையடிப் பாதை. முன்னாடி ஆள் இல்ல... பின்னாடியும் ஆள் இல்ல.

டார்ச்சை அணைச்சிடுங்க, பேட்டரி வீணாப் போகும். மழை விடற வரைக்கும் இந்த டென்ட்டை விட்டு எங்கயும் போக முடியாது, அதனாலதான் சொல்றேன். பாதியில யாராவது "எனக்கு வெளிய போகணும்"னா நான் துணைக்கு வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

எனக்கு நடந்ததில்ல இது. என்கூட ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறானே, நெட்டையன், அவனோட அக்காவுக்கு நடந்தது. அவங்களுக்குக் காது டெஸ்ட் பண்ற வேலை. சத்தம் நுழையாத மாதிரி சுவரெல்லாம் அடைச்ச ஒரு சின்ன ரூம். நாள் முழுக்க "இப்பக் கேக்குதா... இப்ப?" இதான் பேச்சு. நாப்பத்தி மூணு வயசு. கல்யாணம் வேண்டாம்னு சொன்னதில்ல, அமையல, அவ்வளவுதான். அப்பா அம்மா போனப்புறம் வீட்ல அவங்களும் ஒரு நாயும். நாய் பேரு கடுகு. நாலு கிலோ கூட இருக்காது, ஆனா லாரியை நிறுத்தி வச்சுக் குரைக்கும். பேருக்கேத்த காரம்.

ஞாயித்துக்கிழமை தவறாம தம்பிக்குப் போன் பண்ணுவாங்க. ஒரு மணி நேரம். பெருசா விஷயம் ஒண்ணும் இருக்காது. குழாய் ஒழுகுது, கடுகு செருப்பைக் கடிச்சிருச்சு... இவன் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, ஷேவ் பண்ணிக்கிட்டே "ம்... ம்..."னு சொல்லிட்டிருப்பான். அவனே சொன்னான் என்கிட்ட.

ஒரு லீவுக்கு ரெண்டு பேரும் மலையேறிப் போய் ஒரு ராத்திரி தங்கறதா ரெண்டு மாசமாப் பேச்சு. ரெண்டு பேர் படுக்கற டென்ட்டா பாத்து அக்கா வாங்கி வச்சிருந்தாங்க. கிளம்பற அன்னிக்குக் காலையில இவன், "டூட்டி போட்டுட்டாங்கக்கா." பொய். சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல. அக்கா, "பரவால்லடா... கடுகு இருக்கே."

அப்படி நாயோட மட்டும் ஏறிட்டிருந்தப்ப, முதல்ல சொன்னேனே, அந்த நாலே முக்காலுக்குத்தான் கடுகு முதல் தடவை நின்னுச்சு.

முன்னாடி ஓடிட்டிருந்த நாய் டக்குனு திரும்பி, பாதை நடுவுல உக்காந்துக்கிச்சு. வந்த வழியையே பாக்குது. வாலை லேசா ஆட்டுது. கூட வந்தவங்க யாரோ பின்தங்கிட்ட மாதிரி. அக்கா கூப்பிட்டாங்க, வரல. பிஸ்கட்டைக் காட்டினாங்க, அதுக்கும் அசையல. கடுகாவது, பிஸ்கட்டை வேண்டாங்கறதாவது! கொஞ்ச நேரம் கழிச்சு, அதுவா எழுந்து திருப்தியா முன்னாடி ஓடிருச்சு. அடுத்த வளைவுல மறுபடி நின்னுச்சு. அதுக்கடுத்த வளைவுலயும்.

சரி, யாரோ பின்னாடி ஏறி வர்றாங்கன்னு நினைச்சாங்க. காதைத் தீட்டிக்கிட்டாங்க. அவங்க காது சாதாரணக் காதில்ல, தொழிலே அதான். காத்து... இலை... தூரத்துல தண்ணி. காலடிச் சத்தம் இல்ல. ஆனா எப்பவாவது ஒரு கல்லு மட்டும் உருளும். டிக்... டிக்.

ஒரு ஓடை. குறுக்கே ரெண்டு பலகை போட்டிருக்கும். கடுகு தாண்டுச்சு, அக்கா தாண்டுனாங்க. கடுகு நகரல. அந்தக் கரையைப் பாத்து முனகுது. அப்பதான் பலகை... கிறீச். யாரும் இல்ல அதுமேல. நடுவுல ஒரு கிறீச். இந்தக் கரை ஓரத்துல ஒரு கிறீச். கடுகு துள்ளிக்கிட்டு ஓடி, பின்னங்கால்ல எழுந்து நின்னுச்சு, யாரோட முழங்காலையோ பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. முன்னங்கால் ரெண்டும் அந்தரத்துல ஊணியிருக்கு. நாயால எவ்வளவு நேரம் அப்படி நிக்க முடியும்? அது நின்னுச்சு.

திரும்பிப் போகலாம்னா அந்தப் பலகை வழியாத்தான் போகணும். இருட்டிட்டு வருது. அக்கா விறுவிறுன்னு மேல ஏறிட்டாங்க.

டென்ட்டை எப்படி அடிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியல. உள்ள பூந்து ஜிப்பை இழுத்து மூடிட்டாங்க. அப்புறம் ஆரம்பிச்சுது கடுகு. ஜிப்பைப் பிறாண்டறதும் அழறதும். குரைக்கல... குழந்தை மாதிரி அழுகை. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பாத்தாங்க. வெளிய போகணும் போலன்னு கையளவு ஜிப்பைத் திறந்தாங்க.

கடுகு வெளிய போகல. ஒதுங்கி வழி விட்டுச்சு.

சில்லுனு ஒரு காத்து. அணைஞ்சுபோன அடுப்புச் சாம்பல் வாசனை, ஈரக் கம்பளி வாசனை. தினம் அக்கா விலாவுல ஒட்டிக்கிட்டுத் தூங்கற நாய், அன்னிக்கு டென்ட்டோட அந்த ஓரத்துல போய் சுருண்டுக்கிச்சு. நடுவுல ஒரு ஆள் படுக்கற இடம்... காலி.

மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. கடுகோடது குட்டிக் குட்டியா வேகமா வரும், அது தெரியும். தன்னோடதும் தெரியும். இது மூணாவது. நிதானமா, மலையேறிக் களைச்ச ஆள் மாதிரி. அக்கா வலது காதைப் பொத்திப் பாத்தாங்க. கேட்டுச்சு. இடது காதைப் பொத்தினாங்க. நின்னுருச்சு. இடது பக்கம்... காதுக்கு ஒரு சாண் தூரத்துல.

ஜிப் அந்தப் பக்கம் இருக்கு. அதைத் தாண்டித்தான் போகணும். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாங்களோ... கடைசியில, என்ன தோணுச்சோ, கேட்டாங்க.

"தனியாவா வந்தீங்க?"

மூச்சு நின்னுச்சு.

அப்புறம் இருட்டுக்குள்ளேர்ந்து, "ம்..."

ஏய், யாரும்மா கையைப் பிடிக்கறது? நகத்தை எடு.

விடிஞ்சதும் அக்கா இறங்கி வந்துட்டாங்க. இறங்கும்போது கடுகு ஒரு இடத்துலயும் நிக்கல. தம்பிக்கு ஒண்ணும் சொல்லல. அந்த ஞாயித்துக்கிழமை போன் வரல. அடுத்ததும் வரல. இவனுக்கு மூணாவது வாரம்தான் உறைச்சுது. இவனே கூப்பிட்டான். "அப்புறம் பேசறேன்டா, ஆள் இருக்காங்க"ன்னு வச்சுட்டாங்க.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம், அக்கா கார் இவன் வீட்டு வாசல்ல நிக்குது. கடுகைத் தூக்கிட்டு மேல வந்தாங்க. அதோட கிண்ணம், போர்வை, எல்லாம் ஒரு பையில.

"நீயே வச்சுக்கோடா. வீட்ல இடம் போதல."

மூணு ரூம் வீடு. ஒருத்தி. இவன் உக்கார வச்சு விசாரிச்சான். அப்பதான் இவ்வளவையும் சொல்லியிருக்காங்க. பயமா இல்லையாக்கான்னு கேட்டதுக்குச் சிரிச்சாங்களாம். "முதல்ல இருந்துச்சு. அப்புறம் விடிய விடியப் பேசினேன்டா. குழாய் ஒழுகற கதை வரைக்கும். பாதியில எழுந்து போகாம, முழுசாக் கேட்டுச்சு."

"அக்கா... அன்னிக்கு டூட்டி எல்லாம் இல்லக்கா. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்டா"ன்னாங்க. "அன்னிக்கு ராத்திரியே சொன்னாங்க."

தலையைத் தடவிக் குடுத்துட்டு இறங்கிப் போயிட்டாங்க. கடுகு இவன் கையில திமிறுது, அக்கா பின்னாடியே போகணும்னு. இவன் பால்கனியிலேர்ந்து பாத்தானாம்.

அக்கா கார்கிட்டப் போய் முன் கதவைத் திறந்தாங்க. டிரைவர் பக்கம் இல்ல, அதுக்குப் பக்கத்து சீட்டு. பிடிச்சுக்கிட்டே நின்னாங்க... ஒருத்தர் ஏறி உக்கார்ற நேரம். மெதுவாச் சாத்தினாங்க. அப்புறம் பின் கதவு. அங்கயும் நின்னாங்க. சாத்தினாங்க. சுத்திப் போய் அந்தப் பக்கத்துப் பின் கதவையும் திறந்து, உள்ள குனிஞ்சு சொன்னாங்களாம்...

"கொஞ்சம் நெருக்கி உக்காருங்க."