சலூனில் நடந்த மருத்துவமனை

தலைமையையும் வெயிலையும் சேர்த்தே தாங்கிக்கொண்டிருக்கும் துணிக்கடை ஐயா அவர்களே, முன்வரிசையை மரியாதைக்காகவும் முழுவெயிலைப் பொறுமைக்காகவும் ஏற்றுக்கொண்ட பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அலுப்பை மறைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, கடையின் பாதிக்கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்த தோழர்களே, எனக்குப் பக்கத்தில் வெள்ளைத்துண்டு விரித்தபடி காலியாகவே வீற்றிருக்கும் பெரிய நாற்காலியே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நாற்காலிக்கு எதற்கு வணக்கம் என்று ஓரத்தில் ஒரு தம்பி சிரிக்கிறார். தம்பி, தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பேசுவதுதான் எனக்குக் கட்சி கொடுத்த வேலை. தலைவரோடு பேசியதைவிட அவருடைய நாற்காலியோடு நான் பேசியதுதான் அதிகம். பழக்கம் விடவில்லை.

எனக்குப் பின்னால் நிற்கும் இந்தப் புதிய மருத்துவமனையைப் பாருங்கள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன். வர்ணம் காய்ந்து மாதக்கணக்காகிறது. தலைவர்தான் திறக்கவேண்டும், அவர் தேதி தரவேண்டும் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். அந்தத் தேதி இன்றைக்குத்தான் கிடைத்தது.

பழைய மருத்துவமனை எங்கே போனது? வெள்ளத்தோடு போனது. தண்ணீர் வடிந்த மறுநாள் தலைவர் வந்தார். நான் மறுக்கவில்லை, வந்தார். தையற்கார அக்கா கையில் ஒரு போர்வையைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை. போர்வையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார். மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது தடவை அக்கா, "அண்ணே, நான் போத்திக்கிட்டே நிக்கட்டுமா? குளுருது" என்று கேட்டார். அதோ, அக்கா தலையைக் குனிந்துகொள்கிறார். நீங்கள் ஏன் அக்கா குனியவேண்டும்?

தலைவர் போனபிறகு நடந்ததுதான் கதை. நர்ஸம்மா மருந்துப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றார். சலூன் அண்ணன் தன் கடையிலிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைக் கழுவித் துடைத்து, "இங்க வாங்கம்மா" என்றார். தையற்கார அக்கா பழைய துணிகளை இணைத்துத் தைத்து நடுவில் திரை கட்டினார். டீக்கடைக்காரர் கருவிகளுக்கு வெந்நீர் கொதிக்கவைத்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் முடிவெட்டு, அந்தப் பக்கம் காயக்கட்டு. யாரும் கூட்டம் போட்டார்களா? யாரும் தீர்மானம் போட்டார்களா? யாரும் மாலை கேட்டார்களா? காரியம் நடந்தது, அவ்வளவுதான்.

அங்கே ஒரு நாள் முடிவெட்ட வந்த பெயிண்டர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா ஊசியோடு வந்ததும் சட்டைக்கையை மடித்துக் காட்டிவிட்டார். போட்டு முடித்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏனய்யா சும்மா இருந்தாய் என்று கேட்டதற்கு, "காதுகிட்ட வெட்டப்போறாங்க, அதுக்கு மரத்துப்போற ஊசி போலன்னு நெனச்சேன்" என்றாராம். கையைத் தூக்காதீர்கள் பெயிண்டர், எல்லோருக்கும் உங்களைத் தெரியும்.

சிரித்தோம். சமாளித்தோம். ஆனால் எத்தனை நாள்தான் சமாளிப்பது? முன்வரிசையில் செங்கல்மேல் காலைத் தூக்கி வைத்திருக்கிறாரே, அவர் நம்மையெல்லாம் பேருந்தில் ஏற்றிச்சென்ற ஓட்டுநர் ஐயா. சர்க்கரை நோய். பாதத்தில் ஆறாத புண். போன வாரம் நர்ஸம்மா அவரிடம் சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. "முடித்தூசி பறக்குது பெரியப்பா. இனிமே சுத்தமான ரூம்ல வச்சுத்தான் கட்டணும். இல்லன்னா விரல எடுக்கறதோட நிக்காது."

இன்றைக்கு அவருக்குக் கட்டு மாற்றவேண்டிய நாள். ஆனால் நர்ஸம்மா எங்கே நிற்கிறார்? காலையிலிருந்து வாசலில், தலைவருக்கான பூங்கொத்தோடு நிற்கிறார். மருந்து பிடிக்கும் கைக்கு மலர் பிடிக்கும் வேலை!

செயலாளர் தம்பி சீட்டு நீட்டுகிறார். 'இன்னும் கொஞ்சம் இழுக்கவும்.' இழுக்கலாம் தம்பி. தலைவர் எங்கே என்பதையும் சொல்லிவிட்டு இழுக்கிறேன். தலைவர் முச்சந்தியில்தான் இருக்கிறார். வண்டியைவிட்டு இறங்கவில்லை. வரவேற்புப் பதாகையில் துணைத்தலைவர் முகமும் அவர் முகமும் ஒரே அளவில் இருக்கின்றனவாம். அவருடைய முகத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டினால்தான் வருவாராம். அச்சகத்துக்கு ஆள் போயிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. மண் சுமந்தது யார்? நீங்கள். சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? நீங்கள். வரி கட்டியது யார்? நீங்கள். கதவுக்கு வெளியே காத்துக்கிடப்பதும் நீங்களா?

கொஞ்சம் அமைதி. நர்ஸம்மா மேடைக்கு வருகிறார். என்னம்மா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

"சாவிய மட்டும் குடுங்கண்ணே. பெரியப்பா கட்டு நனைஞ்சிருச்சு. கட்டிட்டு மறுபடியும் பூட்டிடறேன்."

கேட்டீர்களா? மறுபடியும் பூட்டிவிடுகிறாராம்! நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். நமக்காகக் கட்டிய கதவை, நாமே திறந்து, நாமே பயந்து, நாமே பூட்டவேண்டுமாம்.

துணிக்கடை ஐயா, சாவி உங்கள் முன்னால் தட்டில் இருக்கிறது. நீங்கள் முச்சந்தியைப் பார்ப்பது எனக்குப் புரிகிறது. நாளைக்கு உங்கள் கடைக்குத் தொல்லை வரலாம். எனக்கு இனிமேல் மேடையே கிடைக்காமல் போகலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, கீழே ஒரு கால் காத்திருக்கிறது. அது பதாகை அச்சாகும்வரை பொறுக்காது.

எடுத்துவிட்டார்! தாய்மார்களே, ஐயா சாவியை எடுத்துவிட்டார்! நர்ஸம்மா, அந்தப் பூங்கொத்தை இந்தக் காலி நாற்காலியில் வைத்துவிட்டுப் போங்கள். ரிப்பனுக்குத் தட்டிலுள்ள வெள்ளிக் கத்தரிக்கோல் வேண்டாம். சலூன் அண்ணே, உங்கள் சட்டைப்பையில் எப்போதும் ஒன்று இருக்குமே, அதை எடுங்கள். பெயிண்டர், ஓட்டுநர் ஐயாவுக்குத் தோள் கொடுங்கள். மெதுவாக. படியில் பார்த்து.

உள்ளே விளக்கு எரிகிறது. நான் பேசிக் கூட்டத்தைக் கட்டிவைத்த நாட்கள் போதும். எல்லோரும் வேலைக்குப் போகலாம். காயம் உள்ளவர்கள் மட்டும் வரிசையில் நில்லுங்கள். வெயிலில் காத்திருந்த பொறுமைக்கு நன்றி. இனி அந்தப் பொறுமையை யாருக்கும் இனாமாகக் கொடுக்காதீர்கள்.

முச்சந்தி வரைக்கும் இந்த ஒலிபெருக்கி கேட்கும் என்று நினைக்கிறேன். தலைவர் அவர்களே, தாராளமாக வாருங்கள். சத்தம் மட்டும் போடாதீர்கள், உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வணக்கம்.