உளுந்தளவு ஓட்டை

பீவீசி குழாய்க்குக் கம் என்கிற பசையைப் பூசிப் பொருத்தினால் உடனே கையை எடுக்கக் கூடாது. முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் குழாய் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் பத்துக்கு மேல் எண்ணுவதில்லை. நான் நாற்பது எண்ணுகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தலைவர் ஹாஜியார். நீங்கள் அனுப்பிய காகிதத்தில் நான் இன்னும் கையெழுத்து வைக்காததற்குக் காரணமே இதுதான்.

காகிதத்தைக் குறை சொல்லவில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி, ஒருவர் மனமும் நோகாமல் எழுதியிருக்கிறீர்கள். "மீன்தொட்டிக்குக் குழாய் பொருத்தியதில் நேர்ந்த தவறினால் நீர் கசிந்து, ஜனாப் அசனார் அவர்களைப் பற்றி வீட்டாருக்குத் தவறான எண்ணம் ஏற்பட்டது. மருமகன் றமீஸ் வருத்தம் தெரிவிக்க, இரு தரப்பும் ஸலாம் கூறிச் சமாதானமாயினர்." அசனார் மாமா கையெழுத்து வைத்துவிட்டார். மாமாவின் மகன், என் மச்சான் அப்ஹாமும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு வரியோடுதான் பிரச்சினை. நடந்ததை முழுக்கச் சொன்னால் அதை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். என் மனைவி ஸாதியாவுக்கு அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய வாப்பா, அதாவது என் மாமா அசனார். மாமி மௌத்தாகித் தனித்துப்போன பிறகு அவர் ஹோலை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறார். நான் ஒன்பது வருடம் கட்டாரில் ஹோட்டல் ஹோட்டலாகக் குழாய் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், கதிரை மாமா வாங்கியது, மின்விசிறி மச்சான் மாட்டியது, திரைச்சீலை ஸாதியா தைத்தது. என்னுடையது என்று சொல்லச் சுவரில் ஓர் ஆணி கூட இல்லை. அதனால்தான் ஹோலில் ஆறடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி வைத்தேன்.

ஆறடித் தொட்டிக்குக் கடையில் விற்கிற சின்னப் பில்டர் காணாது. சம்ப் வேண்டும். சம்ப் என்றால் கீழே வைக்கிற இன்னொரு தொட்டி. மேல் தொட்டியில் வழிகிற தண்ணீர் ஒரு குழாயால் அதற்குள் இறங்கும். பஞ்சு, கல் எல்லாம் கடந்து சுத்தமாகும். கடைசியில் இருக்கிற மோட்டர் அதை இன்னொரு குழாயால் மேலே தள்ளும். இதை மேல் தொட்டிக்கு நேர் கீழேதான் வைப்பார்கள். ஆனால் அங்கே ஸாதியாவின் பீங்கான் அலுமாரி நிற்கிறது. அதை அசைத்தால் அவள் என்னை அசைத்துவிடுவாள். எனவே சுவரில் துளை போட்டு, அந்தப் பக்கம் சம்ப்பை இறக்கினேன். அந்தப் பக்கம் மாமாவின் அறை. அவருடைய கட்டில் பழைய காலத்தது, கால்கள் உயரம். அதற்குக் கீழே பூனையைத் தவிர ஒருவரும் குடியிருக்கவில்லை.

மாமாவிடம் கேட்டுவிட்டா செய்தாய் என்று மச்சான் சபையில் வைத்துக் கேட்டார். மாமா அப்போது மக்காவுக்கு உம்றாச் செய்யப் போயிருந்தார். வணக்கத்தில் இருப்பவருக்குக் குழாய் விஷயமாகக் கோல் எடுப்பது அழகா?

பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தவர் இரண்டு நாள் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆத்தங்கரையில படுத்த மாதிரிக் கிடக்கு மருமகன். மீனெண்டா ஆணம் காச்சித் தின்னத்தானே, இருந்து பாக்கிறத்துக்கா? இந்த மாசத்துக்குள்ள இத எடுத்திடுங்க."

வீடு அவர் கட்டியது. எடுக்கத்தான் வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுது மாமா கண் அயர்ந்த நேரம், கரண்ட் போனது. இங்கே கொஞ்சம் குழாய்க் கணக்கைச் சொல்ல வேண்டும். மோட்டர் நின்றால், மேலே ஏறிய தண்ணீர் அதே குழாயால் திரும்பி இறங்கத் தொடங்கும். குழாயின் வாய் தண்ணீருக்கு வெளியே தெரியும் வரை நிற்காது. சம்ப் நிரம்பி வழிந்துவிடும். இதற்கு மருந்து ஒரு சின்ன ஓட்டை. மேலேறும் குழாயில், மேல் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, உளுந்தளவு. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை வெளியே வந்து காற்றை இழுக்கும், ஓட்டம் அறுந்துவிடும். அந்த அளவு ட்ரில் பிட் கைவசம் இல்லாததால் பிறகு போடலாம் என்று விட்டிருந்தேன். அந்த ஒரு தவறை நான் ஒப்புக்கொள்கிறேன்.

சத்தம் கேட்டு நான் போனபோது மாமா கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தண்ணீரில். சம்ப்பைச் சுற்றி நான் பலகை அடித்து மறைத்திருந்ததால், தண்ணீர் அவருக்குக் கீழேயிருந்து வந்த மாதிரித்தான் தெரிந்தது. பஞ்சில் ஊறிய தண்ணீருக்கு ஒரு வாடையும் உண்டு. வாசலில் நின்ற ஸாதியா என் காதுக்குள் சொன்னாள்:

"வாப்பாக்கு அடக்க ஏலாமப் போயிட்டு போல."

அது தொட்டித் தண்ணீர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகன், ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க."

மாமனார் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதம் முடிந்தது. தொட்டியை எடுக்கும்படி மாமா கேட்கவில்லை. பிறர் தயவு தேவைப்படுகிற மனிதர் எதையும் எடுக்கச் சொல்ல மாட்டார். அதற்கிடையில் அவர் கட்டிலுக்குக் கீழே இன்னும் சில தடவை தண்ணீர் இருந்தது. ஒரு நாள் ஸாதியா யோசித்தாள்: "நிலமெல்லாம் தண்ணி, கட்டில்ல விரிச்ச சீலை மட்டும் காஞ்சு கிடக்கே?" அடுத்த தடவை சீலையும் நனைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் துடைத்தேன், நான்தான் சீலையைக் கழுவிக் காயப்போட்டேன். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் பார்த்தார்கள். கொடியில் சீலையைப் பார்த்தால் நம் ஊருக்கு அறிவித்தல் தேவையில்லை.

மாமா முப்பத்தொரு வருடம் உங்கள் பள்ளியில் முதல் ஸப்பில், அதாவது முன்வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நின்று தொழுதவர். அவர் வராமல் விட்டது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று நான்தான் உங்களிடம் சொன்னேன், மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு. அவர் என்னிடம் சொன்னது இது: "உளூ எடுத்த சுத்தம் நிக்குதோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. பள்ளிப் பாய நாசமாக்கேலா மருமகன்." சொல்லிவிட்டுத் தொப்பியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஸப்பில் இடைவெளி விடக் கூடாது என்று மார்க்கம் சொல்கிறது. அந்த இடத்தில் நான் நின்றேன்.

பிறகு நடந்தவற்றை நான் கேட்டு வாங்கவில்லை. உங்கள் இமாம் ஜும்ஆவில், பெற்ற மகன் செய்யாததை ஒரு மருமகன் செய்கிறார் என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் அப்ஹாம் பாயைப் பார்த்தார். பதினாறு வருடமாக நான் இந்த ஊரில் "ஸாதியாட மாப்பிள்ளை". இப்போது தேநீர்க்கடையில் மாமாவைச் சுட்டி "றமீஸ்ட மாமா" என்றார்கள். எனக்கு அது இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது.

மாமா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். காலையில் அரைக் கோப்பைத் தேநீர், பிறகு பொழுதுபட்டு மஃரிபுக்கு ஒரு மிடறு. டொக்டர் சோதித்துவிட்டுச் சலத்தில் நோய் ஒன்றும் இல்லை, வயது போனால் வரும் என்றார். நான் பெரியவர்களுக்கான பம்பர்ஸ் வாங்கி வந்தேன். மாமா அந்தப் பொதியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது கச்சான் காற்றுக் காலம், அனல் அடித்தது. அஸர் தொழுகைக்கு உளூச் செய்யப் போன இடத்தில் அவர் விழுந்தார். உடம்பில் தண்ணீர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் இரண்டு போத்தல் சேலைன் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். தாதிகள் என்னை மகன் என்று நினைத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் சுகம் விசாரிக்க நீங்களும் வந்திருந்தீர்கள், ஹாஜியார். மச்சானும் இருந்தார். அன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் இருந்தது. ஸாதியா துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். தண்ணீருக்கு நடுவில் சிவப்பு வாலுள்ள ஒரு கப்பி மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள், உங்கள் தாடி ஆடியது. மாமா கட்டில் விளிம்பால் தலையை நீட்டி அந்த மீனை நெடுநேரம் பார்த்தார்.

"புள்ள ஸாதியா, இதுவும் என்னிலயிருந்தா வந்த?"

பிறகு அவர் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்துவிட்டு, சீலையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "ஒரு செம்பு தண்ணி தாங்க" என்றார். முழுச் செம்பையும் ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவு தாகத்தோடா இந்த மனிதர் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

மறுநாள் மச்சான் ஆரையம்பதியில் இருந்து உதயரூபனைக் கூட்டி வந்தார். மீன்தொட்டி வேலையில் அவருக்குப் பெயர் இருக்கிறது. முழங்காலிட்டுக் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்தார், ஏறி மேல் தொட்டியைப் பார்த்தார், ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கரண்ட் போகக்குள்ள தண்ணி திரும்பி இறங்கியிருக்கு. ஓட்டை போட்டுத்தான் இருக்கு, ஆனா பாசி அடைச்சிருக்கும். இது வழமையா நடக்கிற பிழைதான்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. பிழைதானே, யாருக்கும் வரும். மாமா என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார். சபை கூடியது, காகிதம் எழுதியது. நான் கையெழுத்து வைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

பாசியாம். என் ஓட்டையில் பாசியாம். ஹாஜியார், அந்த ஓட்டையை நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் குளிக்க முன் பல்லுக்குத்தும் குச்சியால் சுத்தம் செய்தேன். ஒரு வெள்ளியும் தவறவில்லை. முதல் தடவை தண்ணீர் வழிந்த மறுநாளே ட்ரில் பிட் தேடி வாங்கி ஓட்டையைப் போட்டுவிட்டேன். எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது. அதன் பிறகு கரண்ட் பத்துத் தடவைக்கு மேல் போயிருக்கும். சம்ப் விளிம்புக்கு நாலு விரல் கீழேயே தண்ணீர் நின்றது.

அந்த முதல் தடவைக்குப் பிறகு ஐந்து நாள் நிலம் காய்ந்து கிடந்தது. ஆறாம் நாள் காலையில் மாமா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், சுகமாப் போச்சு போல. மருமகன், அந்தத் தொட்டிக் கதையொண்டு இருந்திச்சே" என்றார். அன்று லுஹருக்குப் பிறகு, ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவால் சம்ப்பிலிருந்து இரண்டு தடவை அள்ளி ஊற்றினேன். சீலை விஷயத்தில் ஸாதியா சந்தேகப்பட்ட பிறகு சீலையிலும் ஊற்றினேன், மெல்ல மெல்ல. நம் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் உடம்புச் சூட்டுக்குக் கிட்ட இருக்கும், நித்திரை கலையாது. எல்லாமாகப் பதினாலு தடவை. கடைசித் தடவை எனக்கே மனமில்லை. ஆனால் இரண்டு போத்தல் சேலைன் ஏற்றி வந்த மனிதரின் கீழே நிலம் காய்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவசரத்தில் டப்பாவுக்குள் கப்பி ஏறியதை நான் கவனிக்கவில்லை. கப்பி சின்ன மீன், வழிகிற தண்ணீரோடு சம்ப்புக்குள் இறங்குவது உலகத்தில் எல்லாத் தொட்டியிலும் நடப்பது. அதையும் குழாய்ப் பிழை என்று எழுத முடியாது.

அந்தக் கப்பியை மாமா ஒரு ஜாம் போத்தலில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறார். "என்ட சாட்சி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பில்டர் இல்லாத போத்தலில் மீன் வைப்பது பாவம் என்று சொன்னேன், கேட்கவில்லை. முதல் ஸப்பில் அவருடைய இடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். இதைக் காகிதத்தில் சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இதை வாசித்ததும் மச்சான் என்ன செய்வார், ஸாதியா என் உடுப்புப் பெட்டியை எங்கே வைப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் தெரிவிக்கிறேன். ஸலாம் சொல்லச் சொன்னால் சொல்கிறேன். "குழாய் பொருத்தியதில் நேர்ந்த தவறு" என்ற சொற்களை மட்டும் வெட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உதயரூபனையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் வாருங்கள். மெயின் சுவிட்சை நீங்களே உங்கள் கையால் நிறுத்துங்கள், கட்டிலுக்குக் கீழே கடதாசி விரித்து அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது.