அண்ணனின் பழசு

— கடைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு நிமிடம் இப்படித் திரும்புங்கள். திருச்செங்கோட்டு வீதியில், பட்டப்பகலில், உங்கள் கண்ணெதிரே ஓர் அநீதி அரங்கேறுகிறது!

— ஏஞ்சாமி வெண்ணிலா, இது காலேஜு மேடை இல்ல. தனசேகரோட கம்ப்யூட்டர் கடை. மெல்லப் பேசு கண்ணு.

— மெல்லப் பேசித்தானுங்கப்பா இத்தனை நாளும் ஏமாந்தேன்! அண்ணன் கேம் விளையாட, அவன் லேப்டாப்புக்குப் புத்தம்புது ரேம். சேலைக் கரைக்கு டிசைன் வரையற என்ற கம்ப்யூட்டருக்கு, அவனுதுல கழட்டுன பழசா?

— பழசுன்னா வீசீரலாமா? தனசேகரு, நீ அதை இவ கம்ப்யூட்டர் பொட்டியில மாட்டு.

— மாட்ட முடியாதுங்க அர்த்தநாரி அண்ணா. அது லேப்டாப் ரேமு, பாதி நீளந்தான். வெண்ணிலாவோடது டெஸ்க்டாப்புங்க.

— கொஞ்சம் அழுத்திப் பாரேன்.

— அழுத்துனா போர்டே போயிருமுங்க.

— கேட்டீர்களா சபையோரே! அண்ணனின் சைக்கிள், அண்ணனின் புத்தகப்பை, அண்ணனின் செல்போன் — அத்தனை பழசையும் நான் வாய்பொத்தி ஏற்றேன். உயிரற்ற இந்த இயந்திரம் ஏற்க மறுக்கிறது!

— சிரிக்க வெக்காத சாமி. உன்றதுக்கு இப்ப என்னதான் கோளாறு?

— வரையறப்பவே அப்படியே நின்னுக்குதுங்கப்பா. நேத்து மாங்காக் கரை பாதியில போயிருச்சு. நாளைக்கு டிசைன் ஜலகண்டாபுரம் போகலைன்னா, தறிக்காரங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க.

— அண்ணா, இந்த வேலைக்கு எட்டு ஜிபில ஒரே மாதிரி ரெண்டு போடோணுங்க. உங்க லாரியில, ஜோடி டயர்ல ஒண்ணு தேஞ்சது, ஒண்ணு புதுசுன்னு போடுவீங்களா?

— எவன் போடுவான்? பாரமெல்லாம் புதுசு மேலயே ஏறி வெடிச்சுப் போயிருமில்ல!

— ஜோடின்னா சமமா இருக்கோணும்னு டயருக்குப் பாக்கற நீங்க, பெத்த ரெண்டு புள்ளைக்குப் பாக்கலீங்களேப்பா!

— அட! தனசேகரு, ரெண்டும் புதுசாவே போடு.

— போட்டர்றனுங்க. அதுக்கு முன்ன ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன்... சுகன்யா, உன்ற கம்ப்யூட்டரத் தூக்கிட்டு கடைக்கு வா கண்ணு. ரிப்பேருக்கு வந்ததுல மிஞ்சுன ரேமத்தான் அப்பன் உனக்குப் போட்டு வெச்சிருக்கேன், புதுசா மாத்தித் தர்றேன்.

— கடைக்காரன் நீயுமா? வெண்ணிலா, நீ உக்காரு. இப்ப நான் பேசறேன். ஏனுங்க, வேடிக்கை பாக்கறவங்களே! ஊட்டுக்குப் போனதும் உங்க பொண்ணோட பொட்டியத் தொறங்க. உள்ள யாரோட பழசு இருக்குதுன்னு பாருங்க. இன்னைக்கே கழட்டுங்க!