பட்டியலில் வராத பேர்

— இன்னும் அந்த லேப்டாப்பயே நோண்டிக்கினு இருக்கியா மெர்லின்? டீ ஆறிப்போச்சுடி.

— ஆறு மணிக்கு ஃபாரம் மூடிடும்மா. நாளைக்குக் கல்லறைத் திருநாள். பூசையில படிக்கற பேருங்க எல்லாம் சாமியாருக்குப் போயாகணும்.

— அனுப்பேன்.

— நம்ம ஆனந்த் பேரு வரலியே!

— கையால எழுதிக் குடுத்துடு.

— போன வருஷம் கையால எழுதித்தான், உசுரோட இருக்கற ராயப்பன் மாமா பேரப் படிச்சாங்க. எழுந்து நின்னு கத்தினாரே, மறந்துட்டியா? அதுக்குத்தான் பைத்தான்ல இந்த ப்ரோகிராம எழுதச் சொன்னாரு சாமியாரு. இங்க தொட்டா இறந்தவங்க பேரு வரிசையா விழும், அதுல ஒண்ண எடுத்துக்கணும். கோவில் இறப்புப் பதிவுல என்ன இருக்கோ, அதுதான் வரும்.

— அப்ப மிஷினுதான் மறந்திருக்கும்.

— மொதல்ல என் தப்புதான். ஆரம்பிச்ச அன்னிக்கு எடுத்த லிஸ்ட்டையே காட்டிக்கினு இருந்துது. நேத்து மாத்திட்டேன். இப்ப தொறக்கறப்பல்லாம் புதுசா எடுக்குது. போன வாரம் தவறுன கிறிஸ்டினா மாமியார்கூட வந்துட்டாங்க. ஆகஸ்ட்ல போன என் தம்பி வரல.

— வுடுடி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— எப்படிம்மா வுடறது? கம்பெனி பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு வருமா வருமான்னு ஏழு வருஷம் பாத்தான். காண்ட்ராக்ட்டுலயே, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப லாரி அடிச்சுப் போயிட்டான். இதுலயும் வரக்கூடாதா அவன்?

— அழாத. டீயக் குடி.

— இரு, பதிவையே பாக்கறேன்... அம்மா, இங்கயே இல்ல! அவன நம்ம சொந்த ஊர்ல அடக்கம் பண்ணதுக்கு அந்த ஊரு சாமியாரு லெட்டர் குடுத்தாரே, இங்க பதிவு எழுதற உபதேசியார் கையில குடுத்துட்டேன்னியே, அத அவரு ஏத்தவேயில்ல.

— பாவம், அவருக்கு ஆயிரம் வேல.

— என்ன பாவம்? மூணு மாசமாச்சு! ஸ்கூட்டி சாவி எங்க? இப்பவே போயி நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்.

— போவாத மெர்லின்.

— ஏன்?

— அவர ஒண்ணும் கேக்காத. லெட்டரு என் பைபிளுக்குள்ளதான் இருக்கு. அத நான் குடுக்கற வரைக்கும் எம்புள்ள செத்தவங்க லிஸ்ட்டுல இல்லடி.