மூணாவது ஓலை

இல்ல பெரியய்யா, சிங்கம் தானியேலத் தின்னல. வாயத் தொறங்க மொதல்ல. இந்தக் கஞ்சி உள்ள போவட்டும், மீதிய அப்பறம் சொல்றேன். ஆங், அப்டித்தான். மெதுவா முழுங்குங்க. பொரையேறிச்சுன்னா உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் உசுரு போய்டும்.

ராஜா அவரக் குகைக்குள்ள தள்ளிட்டாரா, உள்ள பசியோட சிங்கங்க கெடக்குதுங்க. சம்மனசு எறங்கி வந்து அதுங்க வாயக் கட்டிட்டுப் போச்சாம். சம்மனசுன்னா ஆண்டவரோட தூதரு, முதுகுல ரெக்க இருக்கும். விடிஞ்சதும் ராஜா ஓடியாந்து பாக்கறாரு, தானியேலு ஒரு கீறல் இல்லாம குந்திகினு கீறாரு. வெளிய தூக்கிட்டாங்க. கோள் மூட்னவங்கள உள்ள தள்னாங்க, சிங்கம் தின்னுச்சு. அவ்ளோதான் கதை. நான் சின்னப் புள்ளைல ஞானோபதேச கிளாஸ்ல கேட்டேன், எல்லாம் சரி சிஸ்டர், அந்தச் சிங்கம் எப்ப வெளிய வந்துச்சுன்னு. முட்டி போட வெச்சாங்க.

இன்னா, கண்ணு சிரிக்குது? சிரிங்க, சிரிங்க. கோர்ட்டுல நீங்க எழுந்தா ஜட்ஜே நிமுந்து குந்துவாராமே. உங்க புள்ள ஜெயராம் சாரு இன்னைக்கும் உங்க ரூமுக்குள்ள பூனையாட்டம்தான் வர்றாரு, நானும் பாத்துகினுதான் கீறேன். அப்பேர்ப்பட்டவரு வாய இப்டி கட்டிப் போட்டுச்சே அந்த வாதம். நம்ம ரெண்டு பேரும் அந்தக் குகைல கெடந்த ஜீவன்தான் பெரியய்யா.

பின்ன இல்லியா? சாரு, உங்க மருமவ விசாலாக்ஷி அம்மா, ஸ்நேஹா பாப்பா எல்லாம் நங்கநல்லூருக்கு உங்க பொண்ணப் பாக்கப் போயாச்சு. வெளில கிரில்லுக்குப் பூட்டு. போன் டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு. பால்கனில நின்னா மந்தைவெளில பஸ்சு திரும்பறது தெரியுது, கைய நீட்டினா கம்பி. நான் தப்பு சொல்லல. எனக்கு முன்னாடி இருந்தவ உங்கள அம்போன்னு உட்டுட்டு சினிமாவுக்கு ஓடிட்டா. சளி அடச்சி நீலம் பூத்துக் கெடந்தீங்களாம். அதுலேந்துதான் இந்தப் பூட்டு. நியாயந்தான். ஆனா ஞாயித்துக்கெழம ஆனா எனக்கு மூச்சு முட்டுது பெரியய்யா.

இந்தாங்க, இன்னொரு வாய்.

ஆமா, ஜான்சி விசயந்தான். எம் பொண்ணு. போன ஞாயிறும் சொன்னேனே. எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்ன மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை எதுனா தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு பூசை முடியறப்போ சாமியாரு படிப்பாரு. ரெண்டு ஓலை ஆய்டுச்சு. இன்னிக்கு மூணாவது. ஒருத்தரும் வாயத் தொறக்கலன்னா வர்ற புதன்கெழம தாலி.

பதினாறு கூட முடியல பெரியய்யா அவளுக்கு. எம் புருசன் பக்கிரி, புதுசா வந்த சாமியாருகிட்ட பதினெட்டுன்னு சொல்லி வெச்சிக்கீறான். மாப்புள்ள யாரு தெரியுமா, கருணாகரன். அவன் போட்லதான் இவன் கடலுக்குப் போறான். மொதப் பொண்டாட்டி செத்து வருசம் திரும்பல. அவ எப்டி செத்தாள்னு கேட்டா குப்பமே கடலப் பாத்துகினு நிக்கும். அவன் போட்டு மூஞ்சில பெருசா ஒரு சிங்கம் வரஞ்சிக்கீது, கீழ யூதா சிங்கம்னு எழுதிக்கீது. அது ஏசுவோட பேரு. எங்க ஊரே அவன சிங்கம்னுதான் கூப்டும். சிங்கத்து ஊட்டுக்கு வாக்கப்பட உம் பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்டீங்கறான் எம் புருசன்.

எங்க வேதத்துல ஏசுவும் சிங்கந்தான், பசாசும் சிங்கந்தான். நெசமாத்தான். ஏசுவோட சீசரு ராயப்பர் எழுதிக்கீறாரு, பசாசு சிங்கமாட்டம் உறுமிகினு யார முழுங்கலாம்னு சுத்திகினே கீதாம். அப்ப எந்தச் சிங்கம் எதுன்னு நம்மளாட்டம் ஜனம் எப்டிக் கண்டுபுடிக்கறது? அத்தயும் சிஸ்டராண்ட கேட்டேன். அன்னிக்கு முட்டி போட வெக்கல. ஒண்ணு சொன்னாங்க. இன்னொரு சீசரு அருளப்பருக்கு ஒரு காட்சி கெடச்சுதாம், மோட்சத்துல. இதோ யூதா சிங்கம் வருதுன்னு சத்தம் கேட்டு அவரு நிமுந்து பாக்கறாரு, வந்து நிக்கறது ஆட்டுக்குட்டி. கழுத்துல வெட்டுக் காயத்தோட. அந்தச் சிங்கம் தன்னத்தான் குடுக்கும், தேசம்மா, அடுத்தவங்க புள்ளைய கேக்காதுன்னாங்க. கருணாகரன் எந்தச் சிங்கம்னு எனக்கு அதுக்கு மேல யாரும் சொல்லணுமா?

தொடைக்கறேன் இருங்க, தாடைல வழியுது.

பூக்காரி முத்துலட்சுமி காலைல கிரில்லாண்ட வந்து சொன்னா. ஜான்சி அழுது அழுது தொண்ட கட்டிடுச்சாம். எங்கம்மாவ வரச்சொல்லுக்கா, அம்மா வந்தா போதும்னு இவ கையப் புடிச்சிகினாளாம். நீயாவது எழுந்து சொல்லேன்டின்னேன். எம் புருசனும் அந்தாளு போட்லதான் போறான், நான் எப்டி மாதா கோயில்ல பூந்து பேசறதுன்னுட்டா. குப்பம் மொத்தத்துக்கும் அவ வயசு தெரியும் பெரியய்யா. அவ பொறந்தப்போ வந்து தூக்கின பொம்பளைங்க எல்லாம் ரெண்டு ஞாயிறா முக்காடு போட்டுகினு அங்கதான் குந்திக்கீறாங்க. ஒருத்தி எழுந்துக்கல. தானியேலு கதைல சம்மனசு வந்து வாயக் கட்டுச்சு. இவங்க வாய எவன் வந்து கட்டினான்?

அம்மாகிட்ட லீவு கேட்டேனே, உங்க முன்னாடிதான கேட்டேன். மாமாவுக்கு வேற ஆளு கெடைக்கட்டும் தேசம்மா, அப்பறம் போயிக்கோன்னாங்க. அவங்க மோசமானவங்க இல்ல. உங்கள நெனச்சிதான் சொல்றாங்க. எதிர் ஊட்டு வேம்பு சாராண்டயாவது உங்கள ஒப்படைக்கலாம்னு பாத்தேன், அங்கயும் பூட்டு. இப்ப பூசை ஆரம்பிச்சிருக்கும். பிரசங்கம் நீட்டி முழக்குவாரு புது சாமியாரு, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். ஓடினா போய்ச் சேந்துடலாம்.

பூட்டிக்கீதே, எப்டிப் போவேன்னு பாக்கறீங்களா?

பெரியய்யா, நான் உங்கள தினமும் ஒடம்பு தொடைக்கறவ. உங்க பூணூல்ல முடிஞ்சி வெச்சிக்கீறீங்களே ஒரு சாவி, அது இந்தக் கிரில் பூட்டோடதுன்னு எனக்கு வந்த வாரமே தெரியும். இந்த ஆவணி அவிட்டத்துக்குப் புது நூல் மாத்தறப்போ வாத்தியாரு அத்தக் கழட்டப் பாத்தாரு. நீங்க உறுமின உறுமல்ல ஊடே நடுங்கிப் போய் அத்தயும் புதுசுலயே கட்டிட்டாங்க. அம்மா அது பழைய பீரோ சாவின்னு நெனச்சிகினு கீறாங்க. போன ஞாயிறும் அது உங்க நெஞ்சு மேலதான் கெடந்துச்சு, அதுக்கு முந்தின ஞாயிறும். கிரில் சந்துல கைய உட்டா பூட்டு எட்டும். நான் எடுக்கல. என்னை நிறுத்தினது பூட்டு இல்ல பெரியய்யா. நீங்க நீலம் பூத்துக் கெடந்தீங்கன்னு சொன்னாங்களே, அது.

இன்னிக்குக் கேக்கறேன். ஒருக்களிச்சு தலகாணி வெச்சிப் படுக்க வெக்கறேன், சளி வந்தா தானா வெளிய வந்துடும். போய் ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடியாந்துடுவேன். அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எந்தக் கோயில்லயும் தல காட்ட முடியாது, அதுவும் தெரியும். நீங்க வேணாம்னு ரெண்டுவாட்டி கண்ண மூடினீங்கன்னா இங்கயே உக்காந்துடறேன், சத்தியமா. நீங்களும் பொண்ணு பெத்தவரு. சொல்லுங்க.

இன்னா? கண்ணயே பாக்கறேன், மூட மாட்டேங்கறீங்களே. கை... கைய ஏன் நெஞ்சாண்ட கொண்டு போறீங்க, வலிக்குதா? ஐயோ, இருங்க. இழுக்காதீங்க பெரியய்யா, பூணூல் அறுந்துடப் போவுது. உடுங்க, சாவிய நானே அவுத்துக்கறேன்.