குரலை மட்டும் கழித்தேன்

உட்காரச் சொன்னீர்கள், நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. நடந்துகொண்டே சொல்கிறேனே. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு கிராஸ்ஓவர் சர்க்யூட் வடிவமைப்பது என் தொழில். கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூரிய ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பலகை அது. ஒரு புதிய அரங்கத்துக்குச் செய்துகொண்டிருந்தேன். கடைசி வரிசைக்கும் பேச்சு ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு மாதமாக ஆட்டம் காட்டியது.

அண்ணன் மாடி அறையில் இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு வருஷம், குரல் அறையைத் தாண்டாது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. என் மனைவி பகலில் வேலைக்குப் போய்விடுவாள். அதனால் அவர் கட்டிலருகே ஒரு மைக்கும், கீழே என் மேசையில் ஒரு ஸ்பீக்கரும் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "தம்பி" என்பார். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லடா. இருக்கியான்னு பார்த்தேன்."

சில நாள் கோணிய வாயால் சிரிப்பார். "எட்டு வாட்டி கூப்பிட்டாத்தான் வருவீங்களோ, மந்திரி?" நானும் சிரிப்பேன். இறங்கி வந்தால், அந்தப் பலகையின் காயிலுக்குக் கம்பி எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்திருக்கும். பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவேன்.

ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். ஆனால் அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். அதனால் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு ஃபில்டர் போட்டேன். மனிதக் குரல் இருக்கும் பகுதியை மட்டும் அது கழித்துவிடும். மின்விசிறியின் முனகல் வரும், ஜன்னல் கொக்கியின் கிணுகிணுப்பு வரும்.

மாலையில் மனைவி மேசையருகே வந்து நின்றாள். "உங்க அண்ணன் இன்னிக்குக் கூப்பிடவே இல்லையா?"

"நல்லாத் தூங்குறார் போல. ஃபேன் சத்தம் கேக்குது பாரு."

அவளுக்கு நிம்மதி. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"எவ்வளவோ கூப்பிட்டேன்டா, நீ வரலை" என்றார் அண்ணன். "மருந்து மயக்கம்ணே, கனவு கண்டிருப்பீங்க" என்றேன். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நான்காம் நாள் அவர் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கினார். அந்தக் கூரிய ஒலி ஃபில்டரைத் தாண்டி வந்துவிட்டது. என் அண்ணன் புத்திசாலி. ஃபில்டரில் ஒரு கெபாசிட்டரை மாற்றினேன். அதுவும் நின்றது.

ஃபில்டருக்கு முன்னால் ஒரு மீட்டர் இணைத்திருந்தேன், மைக்கிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்க. மின்விசிறிக்கு அதன் முள் லேசாக எழுந்து நிற்கும், பேச்சுக்குக் குதிக்கும். வியாழக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு மாடியில் தொப்பென்று ஒரு சத்தம். முள் குதிக்க ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் மின்விசிறி மட்டும். நான் காலை ஆட்டிக்கொண்டு முள்ளையே பார்த்திருந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மாடிக்குப் பதினான்கு படிகள். நாற்பது நிமிஷம் கழித்து முள் அடங்கியது. அதன் பிறகு காயிலைச் சுற்றி முடித்தேன். எண்ணிக்கை ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு மேலே போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, நெஞ்சு நசுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடைத்திருக்கிறது என்றார் டாக்டர்.

"கீழதானே இருந்தீங்க? கேக்கலையா?" என்றாள் என் மனைவி.

கேட்கவில்லை என்றேன். அதில் பொய் இல்லை, ஐயா. நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் குரல் என் காதில் விழுந்திருந்தால் நான் போகாமல் இருந்திருப்பேனா?