முதல் வரிசை அங்கிள்

காப்பி சூடாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒரு தப்பா, நீங்களே சொல்லுங்கள். விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேருமே மருத்துவர்கள். விமானத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து போகிறவர்கள். உங்களுக்குப் புரியும். ஒரே நிறுவனம், ஒரே டிக்கெட், ஒரே ஜன்னல் இருக்கை. திங்கட்கிழமை போகும்போது வெந்நீரில் நனைத்த துண்டு, பீங்கான் கோப்பை, “இன்னும் கொஞ்சம் காப்பி, டாக்டர்?” என்ற உபசாரம். வியாழக்கிழமை திரும்பும்போது காகிதத் துண்டு, காகிதக் கோப்பையில் ஆறிப்போன காப்பி. ஐம்பத்தைந்து நிமிடப் பயணத்துக்கு இது போதாதா என்பார்கள். ஐம்பத்தைந்து நிமிடம்கூட ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியாதவர்கள் நடுவில் எதற்குத் திரை கட்டுகிறார்கள் என்று நான் கேட்கிறேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடம் மயக்க மருந்து கொடுத்தவன் நான், பொறுமை கைவந்த கலை. நோயாளியின் குடும்பத்தார் அறுவை செய்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். என்னைப் பார்த்தால் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். என் மனைவியும் தன் பங்குக்கு, “ஆளைத் தூங்கவைக்க இவ்வளவு படிப்பு எதுக்கு? நீங்க பேசினாலே போதுமே” என்பாள். சிரித்து வைப்பேன்.

அந்த வியாழக்கிழமை விமானத்தில் பணிப்பெண் தட்டை நீட்டி, “பிஸ்கட் எடுத்துக்கோங்க, அங்கிள்” என்றாள்.

அங்கிள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். தலைக்கு டை அடித்து நான்கு நாள்கூட ஆகவில்லை. அவள் கையிலிருந்த பயணிகள் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அச்சாகியிருந்தது. சுருக்கென்றது எனக்கு. ஆனாலும் “தேங்க்ஸ்மா” என்றேன். நான் மரியாதை தெரிந்தவன்.

பத்து நிமிடத்தில் பின்னால் சலசலப்பு. திரையைச் சரியாக இழுத்து மூடவில்லை, அதுவும் ஒரு குறைதான். இடைவெளியில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் முப்பது வயதிருக்கும் ஒருவன். உதடும் இமையும் வீங்கி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். மடியில் அதே பிஸ்கட், முந்திரி, பாதாம் மாதிரிக் கொட்டைகளை அரைத்துச் சேர்த்தது. பக்கத்தில் அவன் அக்கா, “தம்பி, என்னப் பாருடா” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் உடம்புக்குக் கொட்டை ஆகவில்லை என்று புரிய எனக்கு இரண்டு விநாடி போதும். தொடையில் ஒரே ஒரு ஊசி. நான் தூக்கத்தில்கூடப் போடுவேன்.

டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளே ஓடிவந்தாள். ஒரு கையில் பட்டியல், இன்னொரு கையில் முத்திரை போட்ட மருந்துப் பெட்டி.

“டாக்டர், ப்ளீஸ் டாக்டர், கொஞ்சம் வாங்க டாக்டர். டாக்டர் இல்லாம இந்தப் பெட்டியத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்ல.”

அரை மணி நேரமாக வாயில் வராத டாக்டர் இப்போது மூச்சுக்கு மூச்சு வந்தது. இந்த முன்னுக்குப் பின் முரண்தான் எனக்குப் பிடிக்காதது.

“நீ முதல்ல சொன்னதுதாம்மா சரி. நான் வெறும் அங்கிள்தான்” என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். “அது ஆராய்ச்சி பண்ணி வாங்கின பட்டம்மா. ஊசி போடுற டாக்டர் இல்ல” என்று விளக்கமும் கொடுத்தேன். திரையை மூடிவிட்டுப் போகச் சொன்னேன். மூடினாள். அன்று அவள் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.

தரையிறங்க இருபது நிமிடம் இருந்தது. அவனுக்கு ஏழெட்டு நிமிடம்தான் என்று எனக்குத் தெரியும். அவள் விதியை மீறிப் பெட்டியை உடைத்தாளாம். எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் குப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாளாம். உங்கள் அறிக்கையில்தான் படித்தேன்.

அந்த நேரத்தை நான் வீணாக்கவில்லை. நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். துண்டு, கோப்பை, திரை, எல்லாம் மணி போட்டு. ‘ஆறு இருபத்தைந்து: பின்பக்கம் ஒரு பெண்மணி உரக்க அழுகிறார், அமைதிப்படுத்த ஆளில்லை.’ கீழே வழக்கம்போல் எல்லாப் பட்டங்களும் போட்டு, மயக்க மருந்துத் துறைத் தலைவர் என்று கையெழுத்திட்டேன். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். ஒளித்து மறைத்துச் செய்கிறவன் இல்லை நான் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நேற்று வெளியே வராந்தாவில் அந்த அக்கா என்னை மறித்தாள். “நீங்க எந்திரிச்சு வந்திருந்தா என் தம்பி பொழைச்சிருப்பானா?”

“கண்டிப்பா பொழைச்சிருப்பான்மா” என்றேன். நோயாளியின் குடும்பத்திடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் காப்பாற்ற என்னால் முடிந்திருக்கும். சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் எழுந்திருக்காமல் இருந்தேன். அவனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் வெறும் ‘திரு’ என்று அடித்திருக்கிறார்கள். அதை டாக்டர் என்று மாற்றிக்கொண்டு வாருங்கள், போடுகிறேன்.